பத்தொன்பது இன்ஜினுக்கும் ஒரே எண்

உங்கள் காகிதத்தில் 'பொம்மை ரயில்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிட்டு 'மாதிரி ரயில்' என்று மாற்றிக்கொண்டால் நல்லது. பொம்மை என்றால் தரையில் வைத்து உருட்டுவது. நான் செய்தது அசல் ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியது. தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் மாஸ்டர் அறையின் ஜன்னல் கம்பி வரை எல்லாம் அளவு பிசகாமல் இருக்கும். ஜன்னல் கம்பிக்குத் தூண்டில் நரம்பை வெட்டி ஒட்டினேன். இந்தச் சின்ன விஷயத்தைத் தப்பாக எழுதினால், பெரிய விஷயத்தையும் நீங்கள் அவசரத்தில் எழுதியதாகப் படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன், ஐயா.

நான் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஆள். முப்பத்தொரு வருட வேலை. ஐந்நூறு தாள் அடுக்கை ஒரே வெட்டில், மயிரிழை பிசகாமல் வெட்டுவேன். அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான்கள், இரண்டு ஓரத்தில். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிளேடு இறங்கும். கை இரண்டும் பொத்தானில் இருந்தால் பிளேடுக்குக் கீழே இருக்காது என்று அதைச் செய்தவன் போட்ட கணக்கு. அச்சகத்தில் என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். பைண்டர் ஒருவனுடைய கையைப் பிடித்து அந்த மெஷின் தட்டில் வைத்து அழுத்திக்கொண்டேன் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் பொத்தானை நான் தொடவே இல்லை. புரியாதவனுக்கு விளக்கினேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் ஓரம் கோணலாக ஒரு கட்டுகூட அனுப்பவில்லை. வேலையை விட்டே போய்விட்டான் என்பது வேறு விஷயம்.

என் மச்சினன் இறந்துவிட்டான் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. என் கையால்தான் இறந்தான் என்பதிலும் இல்லை. மீதி இருப்பது என் மனைவி. அவளுக்குத் தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போய்க் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வலது கையில் மாவுக்கட்டு. இடது கையில் பேனாவைக் கொடுத்துப் பார்த்தீர்களாம், அவள் வாங்கிக் கட்டிலில் வைத்துவிட்டாளாம். வருகிற திங்கட்கிழமை கம்பியை எடுத்ததும் அவளிடம் கேட்கப்போகிறீர்கள். அவள் வாயிலிருந்து என்ன வருகிறதோ அதை வைத்துத்தான் என் மிச்ச வாழ்க்கை. அவள் சட்டென்று குழம்பிப்போகிற சுபாவம். அதனால்தான் அதற்கு முன்னால் நான் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மச்சினனுக்குப் போட்டோ ஸ்டுடியோ. பெரிதாக ஒன்றுமில்லை. நீலத் துணி ஒன்றை மாட்டி பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கிற இடம். எங்கள் கல்யாணத்தின்போது அவன் அரைக்கால் சட்டை. அக்கா புடவையைப் பிடித்துக்கொண்டு அழுத பயல், முப்பது வயது ஆனதும் எனக்கே பாடம் எடுக்க ஆரம்பித்தான். காலம் அப்படி. கப்பலும் ஒரு நாள் வண்டியில் ஏறும் என்பார்களே.

படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது அவன்தான், அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. மாடி அறை முழுக்க மேஜை போட்டு நான் ஊரை அமைத்து எட்டு வருடம் ஆகியிருந்தது. அச்சகத்தில் வெட்டி விழுகிற அட்டைத் துண்டுகளில்தான் வீடுகள், கடைகள், பாலம், எல்லாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாற்காலி மேல் ஏறி நின்று ஊர் முழுவதும் விழுகிற மாதிரி ஒரு படம் எடுத்து அவனிடம் காட்டினேன். சிரித்தான்.

"அத்தான், மேலேருந்து எடுத்தா பொம்மைதான் தெரியும். கேமராவை பிளாட்பாரத்துல நிக்கிற ஆளோட கண்ணு மட்டத்துக்கு இறக்குங்க. அப்பத்தான் ஊரு தெரியும்."

பொம்மை என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். அவன் சொன்னபடி கேமராவை மேஜை விளிம்பில் வைத்துத் தாழ்த்தினேன். உண்மையாகவே ஊர் தெரிந்தது. கற்றுக்கொள்ள வேண்டியதை யாரிடமிருந்தும் கற்றுக்கொள்கிறவன் நான்.

இந்தப் படம் எடுக்கிற முறையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்கள் மேஜையில் கிடக்கிற நாற்பது படங்களும் அப்படி எடுத்தவை. சின்னப் பொருளைக் கிட்டத்தில் வைத்து எடுத்தால் ஒரு விரற்கடை ஆழம்தான் தெளிவாக விழும். அதற்குப் பின்னால் எல்லாம் பனிமூட்டம். அதனால் ஒரே காட்சியை நாற்பது தடவை எடுக்க வேண்டும். கேமராவே ஒவ்வொரு தடவையும் தெளிவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும். முதல் படத்தில் முன்வரிசை ஆட்கள், கடைசிப் படங்களில் அறையின் பின்சுவர். பிறகு ஒவ்வொன்றிலும் தெளிவாக இருக்கிற பகுதியை எடுத்து கம்ப்யூட்டர் ஒரே படமாகச் சேர்த்துவிடும். படத்துக்குப் படம் ஐந்து வினாடி. ஆக மொத்தம் மூன்று நிமிடம் இருபது வினாடி. அதுவரை யாரும் மேஜையைத் தொடக்கூடாது, அறையில் நடக்கவும் கூடாது. பொறுமையைக் கற்றுத்தருகிற வேலை. எனக்கு அது ஏற்கெனவே உண்டு.

இப்படி எடுத்த முதல் படத்தை அவன் ஸ்டுடியோவில் பெரிதாக்கிக் கொண்டுவந்தான். ஸ்டேஷனில் நிற்கிற ஆட்கள் எல்லாரும் என் மனைவி வர்ணம் தீட்டியவர்கள். ஒவ்வொருவரும் இரண்டு சென்டிமீட்டர் உயரம். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். நாலு மயிர் உள்ள தூரிகையை வைத்துக்கொண்டு மத்தியான நேரத்தில் தீட்டுவாள். வெறும் கண்ணுக்கு அவர்கள் நிறப் புள்ளிகள்தான். படத்தில் பெரிதாக்கிப் பார்த்தபோது முகம் இருந்தது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஒரு கை வெள்ளைத் துணியில் கழுத்தோடு கட்டியிருந்தது. குழாயடியில் நின்றவளுக்கு ஒரு கண்ணைச் சுற்றிக் கருநீலம். நடைமேம்பாலத்தில் ஏறுகிறவளுக்குத் தலையில் கட்டு. ஆண்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாரும் நன்றாக இருந்தார்கள்.

மச்சினன் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தான். "டீடெய்ல் நல்லா வந்திருக்கு அத்தான்" என்று மட்டும் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஸ்டேஷன் என்றால் எல்லா மாதிரி ஜனமும் இருக்கத்தானே செய்யும். இருந்தாலும் அவன் போனதும் அவளிடம் கேட்டேன். பெயிண்ட் வழிந்துவிட்டது என்றாள். அந்த மூன்று பேரையும் சரிசெய்யச் சொன்னேன், செய்தாள். அந்த வாரம்தான் அவள் மாடிப்படியில் விழுந்தது. அவள் அடிக்கடி விழுவாள், ஐயா. பக்கத்து வீட்டுக்காரர்கள் உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஒரு பெரிய பெட்டியோடு வந்தான். டிஜிட்டல் கன்ட்ரோல் செட். இரண்டு கையிலும் பிடிக்கிற மாதிரி ஒரு ரிமோட்டு, மேஜைக்கு அடியில் வைக்க ஒரு பெட்டி, ஒவ்வொரு இன்ஜின் வயிற்றிலும் வைக்க நகத்தளவு சிப்பு. "இனிமே நீங்க சொன்னபடி ஒவ்வொரு வண்டியும் தனித்தனியா கேக்கும் அத்தான்" என்றான். பிறந்தநாளா, விசேஷமா, ஒன்றுமில்லை. எதற்கு இவ்வளவு செலவு என்று யோசித்துக்கொண்டே படி இறங்கினபோது சமையலறையில் அவர்கள் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை. நின்றேன், கேட்டது.

"அக்கா, போதும். இன்னைக்கே எங்கூட கெளம்பு."

"எங்கடா வர்றது? ஸ்டுடியோக்குப் பின்னாடி ஒரு ரூம். அதுல நீயே காலை மடக்கித்தான் படுக்கிற."

"அப்ப இப்படியே இருக்கப்போறியா?"

"அந்த ரிமோட்டு வாங்கிட்டு வந்தியே, நல்ல வேலை பண்ணினே. அவர் கை ரெண்டும் அதுல இருக்கிற வரைக்கும் எனக்கு நிம்மதிடா. நீ ஞாயித்துக்கெழம மட்டும் தவறாம வந்துடு."

இதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. புருஷன் ஒரு பொழுதுபோக்கில் ஈடுபட்டிருந்தால் எனக்கு நிம்மதி என்று சொல்கிற பெண்டாட்டி எத்தனை பேருக்கு வாய்க்கும். சத்தம் போடாமல் மாடிக்குத் திரும்பிப் போனேன்.

டிஜிட்டல் என்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பழைய முறையில் தண்டவாளத்தில் கரண்டு விட்டால் அதன்மேல் நிற்கிற எல்லா இன்ஜினும் ஓடும். ஓடக்கூடாததைத் தனித்தனியாக சுவிட்ச் போட்டு நிறுத்த வேண்டும். புதிய முறையில் கரண்டு எப்போதும் இருக்கும், ஆனால் யாரும் அசைய மாட்டார்கள். ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஓர் எண். எந்த எண்ணைக் கூப்பிடுகிறோமோ அது மட்டும் கேட்கும். எனக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. வீடும் அச்சகமும் இப்படி நடந்திருந்தால் என் வாழ்க்கையில் முக்கால்வாசிச் சிரமம் இருந்திருக்காது.

இன்ஜினுக்கு எண் போடும்போது அது அந்த எண்ணை வாங்கிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சின்ன உதறு உதறும். 'டிக்' என்று ஒரு சத்தம். சரிங்க என்று தலையாட்டுகிற மாதிரி. முதல் தடவை அதைப் பார்த்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொன்னால் நம்பமாட்டீர்கள்.

இதில் ஒரே ஓர் எச்சரிக்கை உண்டு. எண் போடுவதற்கென்று தனியாக ஒரு முழத் தண்டவாளம் வைத்திருப்போம். மேஜைக்கு அடியில் ஒரு சுவிட்ச். அதை இடது பக்கம் தள்ளினால் அந்தத் தனி லைன் மட்டும் ரிமோட்டோடு சேரும். வலது பக்கம் இருந்தால் ஊர் முழுவதும் சேர்ந்திருக்கும். வலது பக்கம் இருக்கும்போது எண் போட்டால், மேஜைமேல் எங்கெங்கே எத்தனை இன்ஜின் நிற்கிறதோ அத்தனையும் அந்த ஒரே எண்ணை வாங்கிக்கொள்ளும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்பு. மச்சினன் இதை மூன்று தடவை சொன்னான். நான் முதல் தடவையே தலையாட்டினேன். பிறகும் அவன் ஒரு டேப்பை வெட்டி, 'நம்பர் போட: இடது' என்று எழுதி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போனான். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் ஒட்டுவது போல. அவன் தெருமுனை திரும்புவதற்குள் அதைக் கிழித்துவிட்டேன்.

ஒன்றரை வருடம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தான். என்னோடு தண்டவாளம் துடைப்பான், கம்பி பற்றவைப்பான், ஆனால் கண் என்னவோ அடிக்கடி படிக்கட்டுப் பக்கமே போகும். அக்கா மேலே டீ கொண்டுவரும்போது டம்ளரைப் பார்க்கமாட்டான், மணிக்கட்டைப் பார்ப்பான். ஒரு தடவை என் எதிரிலேயே "கையை நீட்டுக்கா" என்றான். அவள் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அன்று ராத்திரி அவளிடம் சொன்னேன், தம்பி வந்தால் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொள் என்று. குடும்பத்து விஷயம் குடும்பத்துக்குள் இருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு இரண்டு விருந்தாளிகள் வருவதாக இருந்தது. ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வங்கியில் குமாஸ்தா. இருவருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. டாக்டர் வீட்டில் என்னுடையதைவிடப் பெரிய ஊர், ஆனால் பழைய முறை. டிஜிட்டல் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்காகவே ஒரு புது இன்ஜின் வாங்கியிருந்தேன், பத்தொன்பதாவது. காலை பதினொரு மணிக்கு அதற்கு எண் போடப்பட்டது.

நாலே காலுக்கு எல்லாரும் மாடியில். என் மனைவி கதவருகில் தட்டோடு நின்றாள். நான் ரிமோட்டை எடுத்து, "இப்ப பத்தொன்பதை மட்டும் கூப்பிடறேன், மத்ததெல்லாம் அசையாது பாருங்க" என்று சொல்லி, சக்கரத்தைத் திருப்பினேன்.

பத்தொன்பதும் கிளம்பின.

ஷெட்டுக்குள் நின்ற ஆறு இன்ஜின்கள் மூடியிருந்த அட்டைக் கதவுகளை முட்டிக்கொண்டு வெளியே வந்து, ஒன்றன்பின் ஒன்றாக, இன்ஜினைத் திருப்புகிற வட்டத் தட்டுக்காக நான் வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தன. சரக்கு வண்டியும் எக்ஸ்பிரஸும் பாலத்தின் நடுவில் நேருக்கு நேர் மோதின. அட்டைப் பாலம் மடங்கியது. மலை லைனில் நின்ற இரண்டு, விளிம்பைத் தாண்டி நாலடி உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்தன. கடைத்தெரு போயிற்று. நடைமேம்பாலம் போயிற்று. நான் நிறுத்துகிற பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எட்டு வினாடி ஆயிற்று. அந்தப் பொத்தான் சிவப்பு, ரிமோட்டின் நடுவிலேயே இருக்கிறது.

பல் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒருத்தரைத்தான் சார் கூப்பிட்டீங்க, ஊரே எழுந்து ஓடி வந்திருக்கு. இவ்ளோ மரியாதையை நான் பார்த்ததே இல்ல" என்றார். குமாஸ்தாவும் சிரித்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவர்கள் விருந்தாளிகள். கதவருகிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். என் மனைவி சிரித்திருந்தாள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கு வழியாக மூச்சு விட்ட மாதிரி. அவள் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். தட்டு ஆடியது, டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

மச்சினன் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அப்போதுதான் சொன்னான்.

"என் தப்பு அத்தான். புது இன்ஜினுக்குக் காலைல நான்தானே நம்பர் போட்டேன். சுவிட்சை இடது பக்கம் தள்ள மறந்துட்டேன். எல்லாத்துக்கும் பத்தொன்பது ஆயிடுச்சு. என்னைத் திட்டுங்க."

கவனியுங்கள், ஐயா. இரண்டு மரியாதைக்குரிய மனிதர்கள் முன்னிலையில், யாரும் கேட்காமலே, அவனாக ஒப்புக்கொண்டான். "விடுங்க தம்பி, யானைக்கும் அடி சறுக்கும்" என்றார் டாக்டர். பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றுக்கும் மறுபடி எண் போட்டுவிடலாம், இன்ஜின்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நாலைந்து அட்டைதான் போயிற்று என்றும் சொன்னார். அவர்கள் டீ குடித்தார்கள். வாசல் வரை போய் வழியனுப்பினேன். வெயிலாக இருந்ததால் நிழலோரமாகப் போகச் சொன்னேன். அப்போது என் முகத்தில் கோபம் ஏதாவது தெரிந்ததா என்று அவர்களையே கேட்டுப் பாருங்கள். தெரிந்திருக்காது.

மாடிக்கு வந்தேன். மச்சினன் குழிக்குள்ளிருந்து இன்ஜின்களை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தான். "எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே வெய். முதல்ல படம் எடு மாப்ள. என்ன ஆச்சுன்னு ஒரு ரெக்கார்டு வேணும்" என்றேன். அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். படம் எடுக்கிற மனநிலையில் இருக்கிறார் அத்தான், தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்திருப்பான். ஸ்டாண்டைப் பிளாட்பார மட்டத்துக்கு இறக்கினான். விளக்கைச் சரிசெய்தான். நாற்பது படம், ஐந்து வினாடி இடைவெளி. பொத்தானை அழுத்திவிட்டு, மேஜை அதிராமல் வந்து, நான் கூப்பிட்டபடி பின்பக்கச் சுவரோரமாக மேஜை உயரத்துக்கே போட்டிருக்கிற பலகை மேடையில் என் பக்கத்தில் ஏறி நின்றான். அந்தச் சுவரில்தான் அச்சகத்து இரும்பு ஸ்கேல் தொங்குகிறது. மூன்றடி நீளம், ஒன்றரைக் கிலோ. அட்டை வெட்டும்போது வைத்துப் பிடிக்கிறது.

இனி நீங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே வரலாம், எண் பின்னால் எழுதியிருக்கிறது.

முதல் ஏழு படங்களில் முன்வரிசை பெஞ்சு மட்டும்தான் தெளிவு. அங்கே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இந்த விபத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. பின்னால் புகைமூட்டத்தில் இரண்டு கம்பங்கள் மாதிரித் தெரிவது நாங்கள். எட்டாவதில் ஒரு கம்பத்துக்குக் கை முளைத்திருக்கிறது. அது நான் ஸ்கேலை எடுப்பது.

"யார் தப்பு?" என்று கேட்டேன்.

"என் தப்புதான் அத்தான்."

தோளில் ஒன்று கொடுத்தேன். எலும்பு விட்ட சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. படத்துக்காகவா, கீழே அக்காவுக்குக் கேட்டுவிடும் என்பதற்காகவா, தெரியவில்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னான். மூன்றாவது தடவை கேட்டபோது அவன் பலகையில் முழங்காலில் இருந்தான், ஒரு காது இல்லை. அப்போதும் "நான்தான்" என்றான். மூன்று வாய்ப்புக் கொடுத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. எனக்கு மூன்று அடிதான் நினைவிருக்கிறது. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் இருபத்திரண்டு என்று எழுதியிருக்கிறார், படித்தவர், எண்ணியிருப்பார்.

இருபத்தொன்றாவது படத்தில் இடது பக்கத்திலிருந்து மஞ்சளாக ஒன்று வருகிறது. அது என் மனைவியின் புடவை. இன்னும் தெளிவு மேஜையைத் தாண்டவில்லை என்பதால் அது அவள்தான் என்று சட்டப்படி சொல்ல முடியாது. அவள் அவன்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள். ஓங்கின ஸ்கேலுக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரியும். கதவு நிலையில் மோதித் தாடை உடைந்தது என்று நான் முதலில் உங்களிடம் சொன்னேன். அப்போது இந்தப் படங்கள் இருப்பது எனக்கு நினைவில்லை. முப்பதாவதில் பாருங்கள், மஞ்சள் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. என் முகத்தைப் பார்த்து ஏதோ சொல்கிறது. என்ன சொன்னாள் என்று கேட்டீர்கள்.

"நீங்கதாங்க போட்டீங்க. பதினோரு மணிக்கு நீங்கதான் போட்டீங்க. அவன் வந்ததே ஒரு மணிக்கு."

அதற்குப் பிறகுதான் அவள் தாடை.

முப்பத்தாறாவது படத்தில் தெளிவு பின்சுவருக்கு வந்துவிட்டது. ஊர் முழுவதும் மங்கிப்போய் நாங்கள் மூவரும் பளிச்சென்று விழுந்திருக்கிறோம். அவன் முகம் கேமராவின் பக்கம் இருக்கிறது, முகம் என்று சொல்லக்கூடிய வரைக்கும். அவள் அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறாள். அவள் மணிக்கட்டின் மேல் என் செருப்புக் கால். நான் நிற்கிறேன். என் முகத்தை நீங்கள் மூன்று தடவை விரலால் தொட்டுக் காட்டினீர்கள். நானும் நன்றாகத்தான் பார்த்தேன். மெஷினில் தாள் அடுக்குகிறவன் முகம் மாதிரி இருக்கிறது, வேறொன்றும் இல்லை. ஒளி அளவு சரியாக இருக்கிறது. இடது ஓரம் கொஞ்சம் வெளுத்துவிட்டது. மச்சினன் இருந்திருந்தால் அதைச் சொல்லியிருப்பான்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆமாம், எண் போட்டது நான்தான். புது இன்ஜின் வந்த சந்தோஷத்தில் மேஜைக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், 'டிக்' என்றது. ஆனால் சத்தம் ஒரு இடத்திலிருந்து வரவில்லை. ஷெட்டிலிருந்து, மலையிலிருந்து, பாலத்திலிருந்து, அறை முழுவதும் பத்தொன்பது இடத்திலிருந்து ஒரே நேரத்தில் வந்தது. என்ன ஆயிற்று என்று அந்த நொடியே எனக்குத் தெரியும், ஐயா. சரிசெய்ய ஐந்து மணி நேரம் இருந்தது. ஒரு மணிக்கு வந்தவனிடம் சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டே செய்துகொடுத்திருப்பான். சொல்ல வேண்டியிருந்திருக்கும், அதுதான் விஷயம். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை நடக்காமல் போய்விடும் என்று நினைத்தேன்.

அப்படியானால் அவனை எதற்காக அடித்தீர்கள் என்கிறீர்கள். உங்களுக்கு இன்னும் புரியவில்லை. அவன் செய்யாத தப்பைச் செய்ததாகச் சொன்னான். பொய் என்று அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். என்னிடம் பேசினான், ஆனால் பார்த்தது அவளை. இந்த ஆளுக்குக் கோபம் வந்தால் உனக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அக்கா, அது என்மேல் விழட்டும் என்று அந்தப் பார்வை சொன்னது. என் வீட்டில், என் மாடியில், இரண்டு வெளியாட்கள் எதிரில், நான் ஏதோ அவளைக் கொடுமைப்படுத்துகிறவன் மாதிரி. அந்த அபாண்டத்தை ஒருவன் எப்படிப் பொறுத்துக்கொள்வான். அவன் கேட்டதைத்தான் கொடுத்தேன். என்மேல் விழட்டும் என்றான், அவன்மேல் விழுந்தது. கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஓர் உதவி மட்டும் கேட்கிறேன். திங்கட்கிழமை அவளிடம் கேட்கப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள். நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன், கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்கிறேன். பழக்கமில்லாத ஆட்களைக் கண்டால் அவளுக்கு நடுக்கம் வந்துவிடும். நான் பக்கத்தில் இருந்தால் பயப்படாமல் உண்மையைச் சொல்வாள்.